ஒண்ணாம் நம்பர் ஜெர்சி

வாங்க சிஸ்டர், உள்ள வாங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இப்படி உக்காருங்க. அயன் பாக்ஸ் சூடு கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்குங்க.

கவரை மேசை மேலயே வெச்சுடுங்க. நான் இப்ப தொட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, இந்த ஓரத்தைப் பாருங்க, கோந்து ரெண்டு தபா தடவுன மாதிரி இருக்குது. நீங்க பிரிக்கல? சரி. பிரிக்கலன்னா பிரிக்கல. நம்பறேன். நர்ஸுங்க பொய் சொல்ல மாட்டாங்க, ஊசி போடும்போது வலிக்காதுன்னு சொல்றது ஒண்ணைத் தவிர.

உள்ள இன்னா இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, இல்ல? "டானுக்கு மட்டும் காட்டு, நானும் வேற யாருக்கும் காட்டல"ன்னு சொல்லி ஆஸ்மண்ட் குடுத்தானா? பாத்தீங்களா, அங்கதான் எனக்கு உதைக்குது. யாருக்கும் காட்டாத விஷயத்தை எனக்கு எதுக்குக் காட்டணும்? வக்கீல் நோட்டீஸா இருந்தா?

இருங்க, நீங்க சொன்னதை நானே ஒரு தபா சொல்லிப் பாக்கறேன், கரீட்டான்னு பாருங்க. செயின்ட் பெரில் தீவுல கிரவுண்டுக்குப் புதுசா கேலரி கட்டியிருக்காங்க. அந்தச் சுவத்துல தீவு ஃபுட்பால் டீமுக்குக் கேப்டனா இருந்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டப் போறாங்க. அதுல ஆஸ்மண்ட் பேரு இல்ல. ஏன் இல்லன்னா, பதினோரு வருஷம் முந்தி இந்தத் தனகோட்டி, அதான் அவங்களோட டான், டீம் கமிட்டிக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டான். அந்த வார்த்தை தப்புன்னு நான் ஒரு வரி எழுதிக் குடுத்தா அவன் பேரைச் சேத்துடுவாங்க. நீங்க வியாழக்கிழமை ஃப்ளைட்டு ஏறுறீங்க, கையோட வாங்கினு போகணும். அவ்ளோதானே?

எழுத மாட்டேன் சிஸ்டர்.

டீ சொல்றேன், குடிச்சுட்டுப் போங்க. வெயில்ல தேடிக்கினு வந்திருக்கீங்க. ஆனா எழுத மாட்டேன். நீங்க அந்தத் தீவுல வேலை பாக்கறீங்க, ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவன் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கினு பாவமா மூஞ்சியை வெச்சிருப்பான், உங்களுக்கு மனசு இளகிப்போச்சு. என்கிட்ட நடந்ததைக் கேளுங்க. அப்பால நீங்களே சொல்லுங்க எழுதணுமா வேணாமான்னு.

நான் அங்க போனது ஹோட்டல் லாண்டரி வேலைக்கு. ஏஜென்ட்டு அமெரிக்கா பக்கத்துலன்னான். போய் இறங்கிப் பாத்தா, காலையில கிளம்பி நடந்தா மத்தியானச் சோத்துக்குள்ள தீவையே சுத்தி வந்துடலாம். மொத்தமே ஒம்பதாயிரம் சனம். நம்ம வியாசர்பாடியில ஒரு பிளாக்குல அத்தனை பேரு இருப்பாங்க. ஆனா அதுக்கும் ஒரு நேஷனல் டீம்! ஒரு கொடி, ஒரு பாட்டு, கடுகு கலர்ல ஜெர்சி. எனக்குச் சிரிப்பு தாங்கல. நான் இங்க லெஃப்ட் விங் ஆடினவன் சிஸ்டர். எங்க தெருவுல நடக்கக் கத்துக்கறதுக்கு முந்தியே பந்தை உதைச்சுடுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை பீச்சுல அவங்களோட இறங்கி ஆடினேன். அங்கதான் ஆஸ்மண்ட் பழக்கமானான். ஏர்போர்ட்டுல ஃபயர் சர்வீஸ்காரன், டீமுக்கு கோல்கீப்பர், கேப்டன். பனைமரம் மாதிரி ஆளு. நான் அடிச்ச பந்தைப் புடிச்சுக்கினு, "டான், நீ நல்லா ஆடற, ஆனா அதைவிட உன் சட்டை நல்லா வெளுத்திருக்குது"ன்னான். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்துச்சு. டீமோட ஜெர்சி, பூட்ஸு, பந்து, எல்லாம் என் பொறுப்பு. ஹோட்டல் வேலை போக மீதி நேரம் அதுதான். ஆறு வருஷம் பாத்தேன்.

அந்த டீமோட கதையை எனக்குச் சொன்னதே அவன்தான். பெரிய சரித்திரம். மொத மேட்ச்சுல பன்னெண்டு கோல் வாங்கினாங்க. அடுத்ததுல ஒம்பது. "முன்னேற்றம்"னு பேப்பர்ல போட்டாங்களாம். டீம்ல யாரு? ரெண்டு போலீஸு, ஒரு கொத்தனாரு, ரொட்டி வேன் ஓட்டறவன், சர்ச்சுல ஆர்மோனியம் மாதிரி ஒண்ணு வாசிக்கிறவன். கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கற பேக் ரெண்டு பேரும் ஃபயர் சர்வீஸு. ப்ளேன் இறங்கும்போது தீயணைப்பு வண்டி ஓடுபாதைப் பக்கத்துல நிக்கணும், அது சட்டம். ஒரு தபா மேட்ச்சு நடுவுல ப்ளேன் முக்கால் மணி முந்தியே வந்துடுச்சு. பேக் ரெண்டு பேரும் பந்தை வுட்டுட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடிட்டாங்க! எதிர் டீம்காரன் நடந்து போய் கோல் போட்டான். ஆஸ்மண்ட் மட்டும் நின்னான், அன்னிக்கு அவனுக்கு லீவு. இதைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பான்.

முப்பது வருஷம், ஒரு மேட்ச்சு ஜெயிச்சது கிடையாது சிஸ்டர். ஒண்ணு கூட. டிரா உண்டு. ஜெயிச்சது இல்ல. அதுல பத்தொம்பது வருஷம் கோலுக்குள்ள நின்னது ஆஸ்மண்ட். "எத்தனை கோல் வுட்டிருப்ப?"ன்னு கேட்டா, "எண்றதுக்கு வேற ஆள் இருக்காங்க, பந்தை எடுத்துக் குடுக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்"னுவான். "சாவறதுக்குள்ள ஒரு தபா ஜெயிச்ச டீம்ல நிக்கணும் டான்"ம்பான். வேற ஒண்ணும் கேக்க மாட்டான்.

நல்லவன்தான். நான் இல்லேன்னு சொல்லல. நல்லவனா இருக்கறவனைத்தான் ரொம்ப கவனிக்கணும்.

அந்த வருஷம் தீவுங்களுக்குள்ள ஒரு கோப்பை. எங்களுக்கு சொந்த கிரவுண்டுல நாலு மேட்ச்சு, வெளியில ரெண்டு. புதுசா கோச்சு வந்தாரு, மிஸ்டர் பென்டன். ஸ்கூல் ஹெட்மாஸ்டரு. மூளைக்காரர். "நம்மகிட்ட பலம் கிடையாது, ரகசியம்தான் இருக்குது"ன்னாரு. யாரு ஆடப் போறாங்க, எந்த இடத்துல நிக்கப் போறாங்கன்னு மேட்ச்சுக்கு மொத நாள் காலையில ஒரு சீட்டுல எழுதுவாரு. அதைக் கேப்டன் ஆஸ்மண்டுகிட்ட காட்டுவாரு. அப்பால என்கிட்ட குடுப்பாரு, ஏன்னா நான்தானே ஜெர்சி ரெடி பண்ணணும். மூணே பேரு. ஆடறவங்களுக்கே மறுநாள்தான் தெரியும்.

என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும் சிஸ்டர். அங்க அந்த மாதிரி எவனும் செஞ்சது கிடையாது. ஸ்டோர் ரூமுக்குப் பின்னாடி நாலு கயிறு கட்டியிருந்தேன். மொத்தம் இருபது ஜெர்சி. சீட்டுல இருக்கற பதினோரு பேரோடது மட்டும் வெளியில, நல்ல வெயில்ல. மீதி ஒம்பதும் ஷெட்டுக்குள்ள. ஆடறவன் உடம்புல வெயில் வாசனை இருக்கணும், அது என் கொள்கை. காயப்போடறதுலயும் ஒரு ஒழுங்கு. மொத கயித்துல கோல்கீப்பர், ஒத்தச் சட்டை. ரெண்டாவது கயித்துல பேக், யாரு இடது யாரு வலதுன்னு பாத்து அந்த வரிசையில. மூணாவதுல நடு ஆட்டக்காரங்க. நாலாவதுல ஃபார்வர்டு. கிரவுண்டுல எப்படி நிப்பாங்களோ அப்படியே. நம்பர் வெளியில தெரியற மாதிரி முதுகுப் பக்கம் திருப்பி. மாட்டிட்டுத் தள்ளி நின்னு பாப்பேன். காத்துல அதுங்க ஆடும்போது மனசுக்குள்ள மேட்ச்சே ஓடும். அந்த மேட்ச்சுல நான் மாட்டுன டீமு ஒரு தபாகூடத் தோத்தது இல்ல!

அந்தத் துணி காயற இடத்துக்கு மேல ஒரு மேடு, மேட்டு மேல மிஸ் அயோனாவோட கெஸ்ட் ஹவுஸ். இருவது முப்பது பேரு தங்கணும்னா அந்தத் தீவுல அது ஒண்ணுதான். வர்ற டீமெல்லாம் அங்கதான் இறங்கும். மொத நாளே வந்துடுவாங்க. வராண்டாவுல உக்காந்துக்கினு எனக்குக் கை காட்டுவாங்க. நல்ல மனுஷங்க. எதிர் டீமுன்னு ஒரு மொறைப்பு கிடையாது, ஒண்ணு கிடையாது. நானும் காட்டுவேன்.

மொத மேட்ச்சு. பிரெஞ்சு பேசற தீவுக்காரங்க வந்தாங்க. பென்டன் ஒரு வேலை பண்ணாரு. போஸ்ட்மேன் ஒருத்தன், டீமுல இருக்கான், ஒரு தபாகூட எறக்குனது இல்ல. ஆனா ஓட்டம்னா அப்படி ஓட்டம். அவனை லெஃப்ட் விங்ல எறக்கினாரு. எவனுக்கும் அவன் யாருன்னே தெரியாது. விசில் ஊதல சிஸ்டர், ஊதறதுக்கு முந்தியே அவங்க ஆளு ரெண்டு பேரு வந்து போஸ்ட்மேனுக்குப் பக்கத்துல நின்னுட்டாங்க. நாள் பூரா அவனை நகர வுடல. அஞ்சு கோல் வாங்கினோம்.

ரெண்டாவது மேட்ச்சு வேற தீவு. பென்டன் பின்னாடி மூணே பேரை நிறுத்தினாரு. அவங்க சரியா அதுக்குத் தோதா முன்னாடி மூணு பேரோட வந்தாங்க. நாலு கோல்.

எனக்கு அப்பவே பொறி தட்டிடுச்சு. இது தோல்வி இல்ல, துரோகம். உள்ள ஆளு இருக்கான்.

வெளியூர் மேட்ச்சு ரெண்டு நடுவுல வந்துச்சு. ஒண்ணுல டிரா, ஒண்ணுல ஒரே கோல்ல தோத்தோம். அங்க எவனுக்கும் ஒண்ணும் தெரியல, போஸ்ட்மேன் பாட்டுக்கு ஓடிக்கினு இருந்தான். கவனிங்க. வெளியூர்ல ஒழுங்கா ஆடறோம், சொந்த ஊர்ல உதை வாங்குறோம். அப்ப அந்தத் துரோகிக்கு ஆள் எங்க இருக்குது? சொந்த ஊர்ல. கணக்கு சரியா வருதா?

மொதல்ல ரொட்டி வேன்காரனைப் புடிச்சேன். கெஸ்ட் ஹவுஸுக்கு ரொட்டி போடறவன் அவன்தானே. ரெண்டு நாள் அவன் வேன் பின்னாடியே சைக்கிள்ல போனேன். ரொட்டிதான் போட்டான். அப்பால மிஸ் அயோனாவையே சந்தேகப்பட்டேன். அப்பால சர்ச்சுக்காரனை. எல்லாம் வீண். உக்காந்து யோசிச்சேன். சீட்டைப் பாக்கறது மூணு பேரு. கோச்சு சொல்ல மாட்டாரு. நான் சொல்லல. மீதி யாரு? நீங்களே சொல்லுங்க சிஸ்டர், மீதி யாரு?

எனக்கும் மனசு ஒப்பலதான். ஆனா கவனிக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மொத நாள் சாயங்காலம் ஆஸ்மண்ட் கெஸ்ட் ஹவுஸ் பின்வாசல் வழியா உள்ள போறான். கால் மணி கழிச்சு வெளிய வரான். கையில மூடி போட்ட ஒரு பாத்திரம். எதிர் டீமு தங்கியிருக்கற வீட்டுக்குள்ள எங்க கேப்டனுக்கு இன்னா வேலை? மிஸ் அயோனா அவனுக்கு அத்தை முறைதான். அங்க எல்லாரும் எல்லாருக்கும் ஒரு முறைதான், அதை வுடுங்க.

பாத்திரத்துல இன்னாவா? மீனு. மீனும் சோறும். அதை நேரா என் ஸ்டோர் ரூமுக்குத்தான் கொண்டாருவான். நான் அயன் பண்ணிக்கினு இருப்பேன். "மேட்ச்சுக்கு மொத நாள் நீ சாப்பிட மாட்ட, எனக்குத் தெரியும், நில்லு, தின்னுட்டு வேலை பாரு"ன்னு எதிர்லயே உக்காந்துப்பான். நான் தின்னு முடிக்கற வரைக்கும் எழுந்துக்க மாட்டான். மிளகாய் தூக்கலா போடச் சொல்லிக் கேட்டு வாங்கினு வருவான், நம்ம வாய்க்கு ஏத்த மாதிரி. ஆறு வருஷம் தின்னேன்.

ஏன் கொண்டாந்தான்? அதான் கேள்வி. என் வாயை அடைக்கத்தான். சந்தேகப்படக் கூடிய ஒரே ஆளு நான், எனக்குச் சோத்தைப் போட்டு வெச்சிட்டான். அந்த நேரத்துல எனக்கு அப்படித்தான் தோணுச்சு. இப்பவும்... இருங்க, டீ வந்துடுச்சு. சர்க்கரை பாத்துக்குங்க.

சொந்த ஊர்ல மூணாவது மேட்ச்சு, அதே பிரெஞ்சுத் தீவுக்காரங்க திரும்ப வந்தாங்க. அதுல ஒரு ஆளு, நரைச்ச தாடி, வராண்டாவுல பைனாகுலரும் கேமராவும் வெச்சுக்கினு நாள் பூரா உக்காந்திருப்பாரு. குருவி பாக்கறாராம், மிஸ் அயோனா சொன்னாங்க. பாவம், ஊர் வுட்டு ஊர் வந்து குருவி பாக்கறாரேன்னு, நான் கீழருந்தே "அதோ அந்த மரத்துல, பச்சைக் குருவி"ன்னு கை காட்டுனேன். அவரும் சிரிச்சுக்கினே கையை ஆட்டினாரு. அப்படி ஒரு தங்கமான மனுஷன்.

அந்த மேட்ச்சுக்குத்தான் நான் பொறி வெச்சேன். பென்டன்கிட்ட போய் "சார், கேப்டனுக்கு மட்டும் பொய்ச் சீட்டைக் காட்டுங்க. நெசச் சீட்டு உங்களுக்கும் எனக்கும் மட்டும். அப்பால பாப்போம்"னேன். அவருக்குப் புடிக்கல. ஆனாலும் சொந்த ஊர்ல வாங்குன ரெண்டு தோல்வியில நொந்து போயிருந்தாரு, சரின்னாரு. பொய்ச் சீட்டுல மூணு பேரு வேற. ஆஸ்மண்ட் அதைப் பாத்துட்டுப் போனான். நெசச் சீட்டை நான் வாங்கினேன், துவைச்சேன், அழகா காயப்போட்டேன், அயன் பண்ணேன்.

மறுநாள் ஆறு கோல். அவங்களுக்கு நெசச் சீட்டு அப்படியே தெரிஞ்சிருந்துச்சு. யாரு எங்கன்னு, அச்சு பிசகாம.

பாத்தீங்களா அவன் சாமர்த்தியத்தை! பொய்ச் சீட்டைக் காட்டியும் நெசத்தைக் கண்டுபிடிச்சிருக்கான்!

இன்னா சிஸ்டர் அப்படிப் பாக்கறீங்க? பென்டனும் இப்படித்தான் பாத்தாரு. மேட்ச்சு முடிஞ்சு எல்லாரும் போனப்பறம், ஸ்டோர் ரூம் வாசல்ல நின்னுக்கினு, ரொம்ப நேரம் என்னையே பாத்தாரு. "டான், அந்தச் சீட்டு என்கிட்டயும் உன்கிட்டயும்தான் இருந்துச்சு"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. வெளியூர்க்காரன் நான். விசா அந்த ஹோட்டலை நம்பி. துரோகின்னு ஒரு பேரு வந்தா எந்தப் ப்ளேன்ல ஏத்தி அனுப்புவாங்களோ தெரியாது. வாயில மொதல்ல வந்ததைச் சொல்லிட்டேன்.

"சார், நேத்து சாயங்காலம் ஆஸ்மண்ட் மீன் கொண்டாந்தான். சீட்டு மேசை மேல இருந்துச்சு. எடுத்துப் பாத்தான்"னேன்.

பாத்திருப்பான். பாக்காம இன்னா? மேசை மேலதானே இருந்துச்சு. எதிர்லயே உக்காந்திருந்தான்.

கமிட்டி கூடுச்சு. அஞ்சு பேரு, ஃபேன் கிடையாது, எல்லாரும் தொப்பியால விசிறிக்கினு இருந்தாங்க. நான் திரும்பவும் அதையே சொன்னேன். ஆஸ்மண்ட் யூனிஃபார்ம்லயே வந்திருந்தான். சண்டை போடுவான், கத்துவான்னு நெனைச்சேன். ஒண்ணும் பண்ணல. என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "டான், நான் அதைப் பாத்ததை நீ பாத்தியா?"

ஆமான்னேன்.

அவன் தலையை ஆட்டுனான். "சரி, டான் பாத்தேன்னா பாத்திருக்கான்"னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டான். அதுக்கு மேல அவன் ஒரு வார்த்தை பேசல. கேப்டன் பதவி போச்சு, டீமுலருந்தும் தூக்கிட்டாங்க. குத்தம் இல்லாதவன் அப்படிப் பேசாம போவானா? நானா இருந்தா கூரையைப் பிச்சிருப்பேன்.

சாட்சி வேணும்னு நீங்க கேப்பீங்க. சாட்சி சொந்த ஊர்ல ஆடின நாலாவது மேட்ச்சு.

அந்த மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு நாள் விடாம மழை. அப்படி ஒரு மழையை நான் பாத்ததில்ல. கயித்துல ஒரு கர்ச்சீப்புகூடக் காயாது. ஜெர்சி எல்லாத்தையும் ஹோட்டலுக்குத் தூக்கினு போய் மிஷின்லயே காய வெச்சு, மூட்டையா கட்டினு வந்தேன். ஆஸ்மண்ட் சட்டை, ஒண்ணாம் நம்பரு, அதையும் துவைச்சுட்டேன், கை பழக்கம். மடிச்சு அலமாரியில வெச்சுட்டேன். கோலுக்குள்ள வேற ஒருத்தன் பதினெட்டாம் நம்பர் போட்டுக்கினு நின்னான்.

ஜெயிச்சோம் சிஸ்டர்! ஒண்ணுக்கு சைபர். போஸ்ட்மேன் அடிச்சான். எதிராளிங்க பேய் அறைஞ்ச மாதிரி நின்னாங்க, யாரு எங்க இருக்கான்னே அவங்களுக்குத் தெரியல. செயின்ட் பெரில் சரித்திரத்துலயே மொத ஜெயிப்பு. சனம் சேத்துல உருளுது. பென்டன் அழுவுறாரு. போஸ்ட்மேனைத் தூக்கினு சர்ச்சு வரைக்கும் போனாங்க. முப்பது வருஷமா நடக்காதது, அவனை எடுத்த மறு மேட்ச்சுலயே நடந்துச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? கமிட்டியும் அதைத்தான் சொன்னாங்க.

ஆஸ்மண்டா? அன்னிக்கு டூட்டி. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் ஏர்போர்ட்டுக் கம்பி வேலி. தீயணைப்பு வண்டி மேல ஏறி நின்னு மேட்ச்சு பூரா பாத்துக்கினு இருந்தான். மழைக் கோட்டு போட்டுக்கினு. விசில் ஊதி மேட்ச்சு முடிஞ்சதும் வண்டியோட சைரனை அடிச்சான். நிறுத்தவே இல்ல, அடிச்சுக்கினே இருந்தான். நக்கலுக்குத்தான் அடிச்சான்னு நான் பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுத் தள்ளிப் போய்ட்டான்.

அதுக்கப்பறம் மூணு மாசத்துல காண்ட்ராக்ட் முடிஞ்சு நான் ஊருக்கு வந்துட்டேன். ஏர்போர்ட்டுல ப்ளேன் ஏறும்போது அவன் வண்டிகிட்ட நின்னுக்கினு இருந்தான், அது அவன் வேலை. அவன் என்னைப் பாத்தான். நான் பாக்கல. பாக்காத மாதிரி ஏறிட்டேன்.

அவ்ளோதான் சிஸ்டர் கதை. இப்பச் சொல்லுங்க, நான் எழுதணுமா?

இன்னா, கயித்தைப் பத்திக் கேக்கறீங்க? கயித்துக்கு இன்னா? கெஸ்ட் ஹவுஸ்லருந்து பாத்தா தெரியுமாவா? தெரியும்தான், மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியும், அதனாலதானே கை காட்டினாங்க. நீங்க ஏன் அதைப் போய்... கவரைக் குடுங்க. குடுங்க சிஸ்டர், நானே பிரிக்கறேன்.

கத்திரி எங்க... சரி, கிழிச்சுடறேன்.

போட்டோ. ஒரே ஒரு போட்டோ. வேற ஒண்ணும் இல்லையா? கவருக்குள்ள பாருங்க. இல்ல. நோட்டீஸு இல்ல, ஒண்ணும் இல்ல.

மேலருந்து எடுத்திருக்காங்க. இது அந்த வராண்டா கைப்பிடி, கீழ தெரியுது பாருங்க. இது என் ஸ்டோர் ரூம். கடுகு கலரு... நாலு கயிறு. முன்னாடி கயித்துல ஒத்தச் சட்டை, ஒண்ணாம் நம்பரு. அடுத்ததுல நாலு சட்டை. அஞ்சு, ரெண்டு, பதினாலு, மூணு. எவ்ளோ பளிச்சுனு தெரியுது. நான் வெளுத்தது, தெரியாம இருக்குமா? நாலாவது கயித்துல ஓரமா, லெஃப்ட் விங்கு, பதினேழு. போஸ்ட்மேன்.

படிக்கத் தெரிஞ்ச எவனும் படிச்சுடுவான்.

நடுவுல ஒருத்தன் நிக்கறான் பாருங்க. வாயில ஒரு கிளிப்பு. ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கினு பல்லு பூராக் காட்டிக்கினு நிக்கறான். இன்னொரு கையால மரத்தைக் காட்டறான். குருவி காட்டறான் சிஸ்டர். பேமானி, குருவி காட்டறான்.

பின்னாடி எழுதியிருக்கு. நீங்க படிங்க, எனக்குக் கண்ணு தெரியல. இல்ல, கண்ணாடி இருக்குது, நீங்க படிங்க.

யாரு எடுத்ததாம்? அந்த நரைச்ச தாடிக்காரரு. போன மாசம் டூரிஸ்டா வந்து, சிரிச்சுக்கினே அவன்கிட்ட குடுத்தாராம், பழைய வெளையாட்டுன்னு. சரி. கீழ? தமிழ்ல சொல்லுங்க.

"டான், உன் கயித்தை நானும் ஆறு வருஷம் தினம் பாத்தேன். எனக்கும் தோணல."

அவ்ளோதானா? திட்டலையா? திருப்பிப் பாருங்க. வேற இன்னா எழுதியிருக்கான்? ஒண்ணுமே இல்லையா?

எனக்கும் தோணலங்கறான்.

இதைக் கமிட்டியில காட்டியிருந்தா அவன் பேரு கல்லுல ஏறியிருக்கும். அந்தத் தீவே என்னை நெனைச்சுச் சிரிச்சிருக்கும், எனக்கு இன்னா, நான் இங்க இருக்கேன், எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனாலும் காட்டல. ஆஸ்பத்திரியில படுத்துக்கினு எவ மெட்ராஸ்காரின்னு தேடி, வியாசர்பாடி தெரியுமான்னு கேட்டு, என்கிட்ட அனுப்பியிருக்கான்.

கயிறு தோணலங்கறது வேற சிஸ்டர். அது முட்டாள்தனம், அதை மன்னிச்சுடலாம். அவனுக்கும் தெரியும், என் குத்தம் அது இல்லன்னு. நான் பாத்தேன்னு சொன்னேன் பாருங்க. அது எனக்குத் தெரிஞ்சு சொன்னது. சீட்டு மேசை மேலயே இல்ல. என் சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு. அவன் சோத்தை வெச்சுட்டு என் மூஞ்சியைத்தான் பாத்துக்கினு உக்காந்திருந்தான், காரம் போதுமா போதுமான்னு கேட்டுக்கினு. பதினோரு வருஷமா நான் அதை என்கிட்டயே வேற மாதிரி சொல்லிக்கினு இருந்தேன். இன்னிக்கு உங்ககிட்டயும் சொன்னேன். அந்த ஒரு ஜெயிப்பு அவனோடது சிஸ்டர். பத்தொம்பது வருஷம் நின்னவன். நான் அவனை வண்டி மேல ஏத்தி வெச்சுட்டேன்.

சைரன் அவன் சந்தோஷத்துக்கு அடிச்சிருக்கான். வேற எதுக்கு அடிப்பான்?

பேனா இருக்குதா? குடுங்க. நான் தமிழ்ல எழுதறேன், நீங்க கீழ இங்கிலீஷ்ல போட்டுடுங்க. "அவன் சீட்டைப் பாக்கல. அவன் பாத்ததை நான் பாக்கவும் இல்ல. என்னைக் காப்பாத்திக்க நான் பொய் சொன்னேன். எதிராளிக்கு டீமைக் காட்டினது என் துணிக் கயிறு. தனகோட்டி." போதுமா? அப்படியே எழுதுங்க, மெழுகாதீங்க. பொய்யின்னு நான் சொன்ன எடத்துல பொய்யின்னே போடுங்க.

இந்தப் போட்டோவையும் அதோட வெச்சுக் கமிட்டியில குடுங்க. சிரிக்கட்டும். வாயில கிளிப்போட நல்லாத்தான் நிக்கறான், பாத்து சிரிக்கட்டும்.

அவன்கிட்ட போனா, மீனுல காரம் சரியா இருந்துச்சுன்னு சொல்லுங்க. ஒரு நாள்கூட நான் சொன்னது இல்ல.

இந்தாங்க கவரு. கோந்தா? இல்ல சிஸ்டர், ஒட்டல. நீங்க வழியிலயே படிங்க, ப்ளேன்ல பக்கத்துல உக்காந்தவனுக்கும் காட்டுங்க. தொறந்தே இருக்கட்டும்.